இராச்சாப்பாட்டு நேரம்: எத்தல் வோட்டர்ஸ் என்ற பாடகியின் கதை

ஒரு பெண் அடுப்படியில் நிற்கிறாள். இருட்டிக்கொண்டு வருகிறது. மேசையில் கோப்பைகளை எடுத்து வைக்க வேண்டும், பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும். அவளால் அசைய முடியவில்லை. கணவன் இனி வீட்டுக்கு வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளைகளுக்கு இன்னும் தெரியாது.

1933 செப்டெம்பர் 30 அன்று நியூயோர்க்கின் மியூசிக் பொக்ஸ் அரங்கில் 'அஸ் தவுசன்ட்ஸ் சியர்' என்ற இசைநாடகம் தொடங்கியது. அதில் வந்த ஒரு பாட்டின் காட்சிதான் இது. பாட்டின் பெயர் 'சப்பர் டைம்', அதாவது இராச்சாப்பாட்டு நேரம். பாடியவர் எத்தல் வோட்டர்ஸ் என்ற கறுப்பினப் பாடகி. அப்போது அவருக்கு 37 வயது நிறைய ஒரு மாதம் இருந்தது. அந்தப் பெண்ணின் கணவனை ஒரு வெள்ளையினக் கும்பல் பிடித்துக் கொன்றுவிட்டது என்பதைச் சபையோர் பாட்டு தொடங்கும் முன்பே தெரிந்துகொண்டார்கள்.

எனக்கு ஜாஸ் இசையில் பெரிய பரிச்சயம் கிடையாது. இந்தப் பாட்டைக் கேட்டதும் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஓர் அக்காதான் நினைவுக்கு வந்தார். 2009 மே மாதத்தில் கணவனைக் கையளித்துவிட்டுத் திரும்பியவர். பிறகு எத்தனையோ இடங்களில் அவர் சாட்சியம் சொன்னார். ஒவ்வொரு முறையும் அன்று காலையில் எல்லோரும் குடித்த கஞ்சியிலிருந்துதான் தொடங்குவார். அதில் தேங்காய்ப்பால் இருக்கவில்லை என்பார். தன் பங்கில் பாதியை அவர் பிள்ளைக்கு ஊற்றினார் என்பார். எழுதிக்கொண்டிருப்பவரின் பேனா நின்றுவிடும். திகதி, இடம், நேரம் மட்டும் சொல்லுங்கள் என்பார்கள். அக்காவுக்குத் திகதியும் அந்தக் கஞ்சியும் ஒன்றுதான்.

அந்த அக்காவை நினைத்துக்கொண்டுதான் எத்தல் வோட்டர்ஸின் வாழ்க்கையைத் தேடி வாசிக்கத் தொடங்கினேன். யாருடைய வீட்டு அடுப்படியைப் பார்த்துவிட்டு அவர் இப்படிப் பாடினார் என்று எனக்கு அறிய வேண்டியிருந்தது.

வாடகை வீடுகளின் பிள்ளை

எத்தல் 1896 ஒக்டோபர் 31 அன்று பென்சில்வேனியா மாநிலத்தின் செஸ்டர் நகரத்தில் பிறந்தார். தாய் லூயிஸ் பதின்ம வயதில் பாலியல் வன்முறைக்கு உள்ளாகி அவரைப் பெற்றார். அந்த நினைவினால் லூயிஸால் மகளை நெருங்கவே முடியவில்லை. பிள்ளையை வளர்த்தவர் அம்மம்மா சலி அண்டர்சன். வெள்ளையினக் குடும்பங்களின் வீடுகளில் வேலைக்காரியாக இருந்தவர் அவர். வேலை நடக்கும் வீட்டிலேயே பல நாட்கள் தங்கவேண்டியிருந்ததால் எத்தல் பெரும்பாலும் சித்திமாரோடும் தெருவோடும் வளர்ந்தார். ஒரு வீட்டில் நீண்டகாலம் இருந்ததாக அவருக்கு நினைவில்லை. பசித்தபோது திருடியதையும் அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை.

13 வயதில் திருமணம் செய்துவைத்தார்கள். கணவன் அடிப்பவன். எத்தல் அவனை விட்டுவிட்டு பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். கிழமைக்கு 4 டொலர் 75 சதம் சம்பளம்.

17ஆவது பிறந்தநாள் இரவில் ஒரு களியாட்ட விடுதியில் நண்பர்கள் அவரைப் பாடச் சொன்னார்கள். அங்கே கேட்டுக்கொண்டிருந்த இருவர் பல்டிமோர் நகரத்தின் லிங்கன் அரங்கில் பாட அழைத்தார்கள். கிழமைக்குப் பத்து டொலர் என்று பேச்சு. சனங்கள் மேடைக்கு எறிந்த காசு தன் கைக்கு வரவில்லை என்பதை அவர் பிறகுதான் அறிந்தார். உயரமாகவும் மெலிந்தும் இருந்ததால் மேடையில் அவருக்குப் பயற்றங்காயின் பெயரைச் செல்லப்பெயராக வைத்தார்கள். 'சென் லூயிஸ் புளூஸ்' என்ற பெயர்பெற்ற பாட்டை மேடையில் பாடிய முதல் பெண் அவர்தான்.

அந்தக் காலத்து புளூஸ் பாடகிகளில் பெரியவர் பெஸி ஸ்மித். அவருடைய குரல் முரட்டுக் குரல். எத்தலுடையது மென்மையானது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்கும். இருவரும் அட்லாண்டாவில் ஒரே மேடையில் பாட நேர்ந்தபோது எத்தல் புளூஸ் பாடக்கூடாது என்று பெஸி நிபந்தனை போட்டார். சபையோர் விடவில்லை. கேட்டுக் கேட்டுப் பாடவைத்தார்கள்.

தெற்கில் பார்த்தது

1921இல் 'பிளக் சுவான்' என்ற இசைத்தட்டு நிறுவனம் நியூயோர்க்கில் தொடங்கப்பட்டது. கறுப்பினத்தவரே நடத்திய நிறுவனம் அது. அதன் முதல் பெரிய வெற்றி எத்தல் பாடிய 'டவுன் ஹோம் புளூஸ்'. இசைத்தட்டை விற்பதற்காக அவரைப் பயணம் அனுப்பினார்கள். கூடப் போன வாத்தியக் குழுவுக்குத் தலைமை பிளெச்சர் ஹென்டர்சன்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்குப் போவதென்றால் கறுப்பினக் கலைஞர்களுக்குப் பயம். தங்க ஹோட்டல் கிடையாது, சாப்பிடக் கடை கிடையாது. கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் வீடுகளில் இடம் கொடுத்தால்தான் உண்டு. குழுவில் சிலர் வர மறுத்துவிட்டார்கள். எத்தலுக்குத் தெற்கு புதிதல்ல. முன்பு அலபாமாவில் ஒரு கார் விபத்தில் அவருடைய கால் நசுங்கியது. கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கப்பட்ட பிரிவில் சரியான கவனிப்பு இல்லாமல் அந்தக் காலையே இழக்கும் நிலைக்கு வந்து தப்பியவர் அவர்.

விசாரணையின்றிக் கும்பலாகச் சேர்ந்து கறுப்பினத்தவரைத் தூக்கிலிடுவதும் எரிப்பதும் அங்கே பல பத்தாண்டுகளாக நடந்துகொண்டிருந்தன. ஒரு வெள்ளையினத்தவருக்கு எதிர்த்துப் பேசினான் என்ற குற்றச்சாட்டே போதும். பொலிஸார் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கொன்றவர்கள் சடலத்தின் அருகில் நின்று படம் எடுத்துத் தபாலட்டையாக அனுப்பிய காலமும் இருந்தது. வழக்கு என்று ஒன்று நடந்தால் அது அபூர்வம்.

ஜோர்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரத்தில் அப்படிக் கொல்லப்பட்ட ஓர் இளைஞனின் உடலைக் கறுப்பினத்தவரின் அரங்கு ஒன்றின் முகப்பு மண்டபத்தில் கொண்டுவந்து எறிந்தார்கள். எத்தல் மேக்கனில் தங்கியது அந்த இளைஞனின் குடும்பத்தோடுதான் என்று தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

நான் தேடிய வீடு இதுதான் என்று நினைக்கிறேன். மரண வீட்டிலும் மாலையானால் அடுப்பு மூட்டத்தான் வேண்டும். வந்தவர்களுக்குச் சாப்பாடு போடத்தான் வேண்டும். விருந்தாளியாக அந்த மேசையில் இருந்த எத்தல் என்ன பார்த்தார், யார் பேசினார்கள், யார் பேசவில்லை என்பது அவரோடு போய்விட்டது. ஆனால் பத்து வருடங்களுக்குப் பிறகு ஒருவர் அவரிடம் ஒரு பாட்டைக் கொடுத்தபோது அதை எப்படிப் பாடுவதென்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

வீடு எரிவதைப் பார்த்த இன்னொருவர்

1933இன் தொடக்கத்தில் எத்தல் ஹார்லெமில் இருந்த கொட்டன் கிளப்பில் பாடிக்கொண்டிருந்தார். அங்கே ஆடுபவரும் பாடுபவரும் கறுப்பினத்தவர், பார்க்க வருபவர்கள் வெள்ளையினத்தவர். அந்த நாட்களில் அவருடைய இரண்டாவது கணவனோடான வாழ்க்கை முறிந்துகொண்டிருந்தது. அப்போது அவர் பாடிய 'ஸ்டோர்மி வெதர்' என்ற பாட்டைக் கேட்க நியூயோர்க்கின் பெரிய மனிதர்களெல்லாம் வந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் பாடலாசிரியர் இர்விங் பேர்லின்.

பேர்லின் ரஷ்யப் பேரரசில் 1888இல் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். யூதர்களுக்கு எதிரான வன்செயல்களுக்குத் தப்பி அவருடைய குடும்பம் 1893இல் கப்பலேறி நியூயோர்க் வந்தது. அப்போது அவருக்கு ஐந்து வயது. வீதியோரத்தில் போர்வையில் கிடந்தபடி தன் வீடு எரிவதைப் பார்த்தது மட்டுமே பிறந்த மண்ணைப் பற்றித் தனக்கு எஞ்சியிருந்த நினைவு என்று அவர் சொல்வதுண்டு. ஜூலை 1983ஐப் பார்த்த எவருக்கும் அந்தப் போர்வை விளங்கும்.

பேர்லின் அப்போது எழுதிக்கொண்டிருந்த இசைநாடகத்துக்கு ஒரு பத்திரிகையின் வடிவம். ஒவ்வொரு காட்சிக்கும் மேலே ஒரு தலைப்புச் செய்தி தோன்றும். அதற்கேற்ற ஆட்டமோ பாட்டோ நகைச்சுவையோ கீழே நடக்கும். அரசியல்வாதிகளையும் பணக்காரர்களையும் கிண்டல் செய்த களியாட்டம் அது. வானிலைச் செய்திக்கு 'ஹீட் வேவ்' என்ற துள்ளலான பாட்டை எத்தல் பாடுவார். பிறகு, அதே மாலையில், இனந்தெரியாத ஒரு கறுப்பினத்தவரைக் கும்பல் கொன்றது என்று தலைப்பு வரும். மேடையில் எத்தல் தனியாக நின்று 'சப்பர் டைம்' பாடுவார்.

பத்திரிகைக்குக் கொல்லப்பட்டவர் பெயரில்லாதவர். கீழே நின்ற பெண்ணுக்கு அவர் கணவன், பிள்ளைகளின் தகப்பன். தலைப்புக்கும் பாட்டுக்கும் இடையில் இருந்த இந்தத் தூரம்தான் பாட்டின் பலம் என்று எனக்குத் தோன்றுகிறது. கயிறு, மரம், கும்பல் எதுவும் பாட்டில் இல்லை. சாப்பாட்டு மேசையும் பிள்ளைகளும் மட்டும் இருக்கிறார்கள்.

நியூயோர்க்குக்குப் போகும் முன் பிலடெல்பியாவில் நடந்த வெள்ளோட்டத்தின்போது இந்தப் பாட்டை எடுத்துவிடச் சொன்னார்கள். சிரிக்க வந்த சனத்தை அழவைப்பதா என்பது கேள்வி. பேர்லினும் தயாரிப்பாளர் சாம் ஹரிசும் மறுத்துவிட்டார்கள். சக நடிகர்களாலும் பிரச்சினை வந்தது. முடிவில் எத்தலோடு ஒன்றாக மேடைக்கு வந்து சபையை வணங்க வெள்ளையின நட்சத்திரங்கள் விரும்பவில்லை. அப்படியென்றால் யாருமே வணங்கவேண்டாம் என்று பேர்லின் சொன்னதும் அடுத்த நாள் எல்லோரும் ஒன்றாக வணங்கினார்கள் என்று பேர்லினின் வாழ்க்கையை எழுதியவர்கள் பதிந்திருக்கிறார்கள்.

அந்த நாடகம் 400 காட்சிகள் ஓடியது. புரோட்வேயில் வெள்ளையின நட்சத்திரங்களோடு சமமாகப் பெயர் போடப்பட்ட முதல் கறுப்பினப் பெண் எத்தல். புரோட்வேயில் அதிக சம்பளம் வாங்கியவர்களில் ஒருவராகவும் அவர் ஆனார். வயிறார உண்டு, நன்றாக உடுத்து வந்த சபையோருக்குத் தன் சனங்களைப் பற்றிச் சொல்வதாகவே அந்தப் பாட்டைக் கருதியதாக அவர் பிற்காலத்தில் எழுதினார்.

தாயாக நடித்த மகள்

1939 ஜனவரியில் 'மம்பாஸ் டோட்டர்ஸ்' என்ற நாடகத்தில் ஹேகர் என்ற தாயாக எத்தல் நடித்தார். இசைநாடகமல்லாத புரோட்வே நாடகமொன்றில் கறுப்பினப் பெண் ஒருவர் முதன்மை நட்சத்திரமாக நின்றது அதுவே முதல் தடவை. முதல் நாள் திரை விழுந்த பிறகு 17 தடவை அவரை மேடைக்கு அழைத்துக் கைதட்டினார்கள். ஹேகர் மகளுக்காக உயிரையே கொடுக்கும் பெண். எத்தல் அந்தப் பாத்திரத்தில் பார்த்தது தன்னை ஏற்க முடியாமல் போன தன் தாய் லூயிஸை. வாழ்க்கையில் கிடைக்காத தாயை மேடையில் தானே ஆகிக் காட்டினார். பிற்காலத்தில் தாயும் மகளும் ஒருவரையொருவர் நெருங்கவும் முடிந்தது.

அதே வருடம் ஜூன் 14 அன்று என்பிசி நிறுவனத்தின் பரீட்சார்த்தத் தொலைக்காட்சி ஒளிபரப்பில் அவருடைய பெயரிலேயே ஒரு நிகழ்ச்சி போனது. தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகள் மிகச் சிலவே இருந்த காலம் அது.

அவரைப் புனிதராக்க நான் விரும்பவில்லை. அவர் கோபக்காரி. யாரையும் இலகுவில் நம்பமாட்டார். அடித்துப் பிடித்து வளர்ந்த ஒருவருக்கு அந்தக் குணம் கவசமாக இருந்திருக்கும். ஆனால் அது அவரையும் காயப்படுத்தியது. 'கேபின் இன் த ஸ்கை' படப்பிடிப்பில் இளம் பாடகி லீனா ஹோர்னுக்கு எல்லோரும் காட்டிய கரிசனையைக் கண்டு அவர் வெடித்தார். 1943இல் அந்தப் படம் வெளிவந்த பிறகு ஆறு வருடங்கள் ஹொலிவூட் அவரை அழைக்கவில்லை. வரிக் கடன் ஏறியது, நகைகள் களவுபோயின, உடம்பு பருத்தது.

1949இல் வந்த 'பிங்கி' என்ற படம் அவரை மீட்டது. வெள்ளையினத்தவளாகக் கடந்துபோகக்கூடிய பேத்திக்கு, துணி துவைத்து வாழும் பாட்டியாக நடித்தார். அதற்காக ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்தப் பரிந்துரையைப் பெற்ற இரண்டாவது கறுப்பினக் கலைஞர் அவர். 1950இல் 'த மெம்பர் ஒஃப் த வெடிங்' நாடகத்தில் பெரனிஸ் என்ற சமையல்காரியானார். அது 501 காட்சிகள் ஓடியது, 1952இல் படமாகவும் வந்தது.

வேலைக்காரி, சமையல்காரி, சலவைக்காரி. கறுப்பினப் பெண்ணுக்கு இந்த வேடங்கள்தானா என்ற விமர்சனம் எழுந்தது. அது நியாயமான கேள்வி. ஒரு நாட்டின் சினிமா ஓர் இனத்துப் பெண்களுக்கு அடுப்படி வாசலை மட்டும் திறந்துவைத்தால் யாராவது கேட்கத்தான் வேண்டும். தொலைக்காட்சியில் 'பியூலா' என்ற தொடரில் வேலைக்காரியாக நடித்துவிட்டு எத்தலே அதிலிருந்து விலகிக்கொண்டார். ஆனாலும் அம்மம்மா சலியை நினைத்துப் பார்க்கிறேன். வாழ்நாள் முழுவதும் பிறர் வீட்டு மேசைக்குக் கோப்பை வைத்தவர் அவர். அந்த மேசைக்குப் பின்னால் நின்ற பெண்ணுக்கும் ஒரு முகம் இருக்கிறது என்பதைத்தான் எத்தல் ஒவ்வொரு வேடத்திலும் காட்டினார்.

1951இல் வெளிவந்த அவருடைய சுயசரிதை எதையும் மறைக்காத நூல். தாய்க்கு நடந்த வன்முறையையும் தன் திருட்டுகளையும் அந்தக் காலத்தில் ஒரு பெண் அப்படி எழுதியது பலருக்கு அதிர்ச்சியாக இருந்தது.

கடைசி வருடங்கள்

1957இல் மதபோதகர் பில்லி கிரஹாமின் கூட்டம் நியூயோர்க்கில் நடந்தபோது எத்தல் அங்கே போய் ஆயிரக்கணக்கானோர் கொண்ட பாடகர் குழுவில் ஒருவராக உட்கார்ந்தார். அதன் பிறகு ஏறத்தாழ இருபது வருடங்கள் அந்தக் கூட்டங்களில் பக்திப் பாட்டுகள் பாடினார். களியாட்ட விடுதிகளுக்குத் திரும்பவில்லை. 1960களில் கறுப்பின உரிமைக்காக ஊர்வலங்கள் போனபோது அவர் முன்வரிசையில் நின்றவரல்ல. இளம் தலைமுறைக்கு அவர் பழைய காலத்து ஆளாகத் தெரிந்தார். 'ரூட் 66' என்ற தொலைக்காட்சித் தொடரில் சாகக் கிடக்கும் ஒரு புளூஸ் பாடகியாக நடித்தமைக்காக 1962இல் எமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டார். கறுப்பின நடிகை ஒருவருக்கு அது முதல் தடவை.

1977 செப்டெம்பர் 1 அன்று கலிபோர்னியாவின் சட்ஸ்வேர்த்தில், தன்னைப் பராமரித்த ஒரு தம்பதியின் வீட்டில் எத்தல் வோட்டர்ஸ் இறந்தார். வயது 80.

கும்பல் கொலையை அமெரிக்காவின் மத்திய சட்டத்தில் தனிக் குற்றமாக்க வேண்டும் என்ற முயற்சி அவர் பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. ஏறத்தாழ 200 தடவை சட்டமூலங்கள் கொண்டுவரப்பட்டன. 'சப்பர் டைம்' மேடையேறிய அடுத்த வருடமும் ஒன்று வந்தது, அதையும் நிறைவேற விடவில்லை. கடைசியில் 2022 மார்ச் மாதத்தில்தான் அந்தச் சட்டம் கையெழுத்தானது. பாட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் 88 வருடங்களுக்கு மேல். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் உண்மையில் இருந்திருந்தால் அதைக் காண உயிரோடு இருந்திருப்பது அரிது.

ஆகவே ஒரு பாட்டு நீதியைக் கொண்டுவரும் என்று நான் எழுதமாட்டேன். அது கொண்டுவரவில்லை. ஆனால் 400 இரவுகள், சிரிப்பதற்கென்று காசு கொடுத்து வந்தவர்கள், தலைப்புச் செய்தியில் பெயரில்லாமல் போன ஒரு மனிதனின் வீட்டுக்குள் சில நிமிடங்கள் இருந்துவிட்டுப் போனார்கள். மேக்கனில் அப்படியொரு வீட்டு மேசையில் இருந்தவர்தான் அவர்களை அங்கே அழைத்துப் போனார்.

எங்கள் ஒழுங்கை அக்கா இன்னும் சாட்சியம் சொல்லப் போகிறார். இப்போதும் கஞ்சியிலிருந்துதான் தொடங்குகிறார். சுருக்கமாகச் சொல்லலாமே என்று முன்பு நானும் அவருக்குச் சொன்னதுண்டு. இப்போது சொல்வதில்லை. அடுத்த முறை கூடப் போகும்போது, தேங்காய்ப்பால் இல்லாத அந்தக் கஞ்சியையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று பேனாவோடு இருப்பவரிடம் நான் கேட்கப்போகிறேன்.